பட்டுக் கடைக்கு வீடியோகிராஃபர்: எதைப் பார்த்து முடிவு செய்வது?

பட்டுக்கடை_காஞ்சி (கேள்வி)

காஞ்சிபுரத்தில் சின்னக் கடை. தறிக்காரர்களிடம் நேரடியாக எடுத்து விற்கிறோம். வெளியூர் ஆர்டர் முழுக்க வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும்தான். மாதம் 20 ரீல்ஸ், அதோடு தறியில் நெய்வதைக் காட்டும் 2 நிமிட வீடியோ ஒன்று வேண்டும். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கியாயிற்று. மூவருமே கல்யாண வீடியோ எடுப்பவர்கள், ஷோரீல் (முன்பு எடுத்ததன் மாதிரித் தொகுப்பு) எல்லாமே நன்றாக இருக்கிறது. ஒருவர் ரேட் மற்றவர்களில் பாதி. "வீடியோவில் ஒரு கலர், கையில் ஒரு கலர்" என்று சேலை திரும்பி வருவதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. எதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுப்பது?

நிழல்வெளிச்சம்

ஷோரீலை ஒதுக்கி வையுங்கள் சார். கல்யாண வீடியோவில் முகம் எடுப்பாகத் தெரிவதற்காகப் படம் முழுக்க ஒரு மஞ்சள் சாயல் ஏற்றுவார்கள். அங்கே அது சரி. அதே கைப்பழக்கத்தில் உங்கள் அரக்குச் சேலை செங்கல் நிறமாகிவிடும்.

மூவரையும் தனித்தனியாகக் கடைக்கு வரச் சொல்லி, அரை நாள் கூலி கொடுத்து டெஸ்ட் வையுங்கள். மூன்று சேலை போதும்: ஒரு அரக்கு, ஒரு மயில்கழுத்து, பொடிக் கட்டம் போட்டது ஒன்று. ஒவ்வொன்றும் 30 விநாடி. எடிட் செய்யாமல் அப்படியே வாங்கி, ஒரு ஐபோனிலும் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டிலும் போட்டு, சேலையைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்.

அரக்கில் வெள்ளைச் சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய கேமராவில் வைக்கும் நிற அளவு, ஒயிட் பேலன்ஸ்) தெரிந்துவிடும். ஆட்டோவில் விட்டிருந்தால், சிவப்பு ஃபிரேம் முழுக்க வந்ததும் கேமரா அதை நீலப்பக்கம் இழுக்கும். முந்தானையில் ஒரு நிறம், உடலில் ஒரு நிறம் என்று வந்து நிற்கும். அந்த அளவைக் குறிக்கும் கெல்வின் எண்ணைக் கையால் பூட்டி, முதல் ஷாட்டில் கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்கும் சாம்பல் அட்டை) காட்டுகிறாரா என்று கவனியுங்கள்.

மயில்கழுத்தில் பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். கோணம் மாறினால்தான் இரண்டும் தெரியும். தெரிந்தவர் லைட்டை அசைக்காமல், மடிப்பை ஒருவர் கையால் மெதுவாகத் திருப்பச் சொல்வார். தெரியாதவர் கேமராவைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்.

பொடிக் கட்டத்தில் அலை அலையாக வானவில் கோடு ஓடும், மோயிரே என்பார்கள். அதை எடிட்டிங்கில் முழுதாக எடுக்கவே முடியாது. எடுக்கும்போதே தூரத்தையோ கோணத்தையோ கொஞ்சம் மாற்ற வேண்டும். அதை மானிட்டரில் தானாகப் பார்த்து மாற்றுகிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஜரிகைக்கு ரிங் லைட் ஆகவே ஆகாது, வெள்ளையாக வெடித்துவிடும். பக்கவாட்டில் பெரிய சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி லைட்) வேண்டும், லைட்டின் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற 100க்கான அளவு) 95க்குக் குறையக் கூடாது. "போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் லென்ஸ் ஃபில்டர்) போட்டுக் குறைத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் துணி எடுத்துப் பழக்கமில்லை என்று அர்த்தம். உலோகத்தின் பளபளப்பை அது குறைக்காது. கடையின் மஞ்சள் லைட்டை அணைத்துவிட்டு, வாசல் வெளிச்சத்தையும் மறைக்கச் சொல்கிறாரா என்பதும் முக்கியம்.

தறிமேடை

மேலே சொன்னது கடைக்குள். தறி வீட்டில் வேறு சிக்கல். அங்கே இருப்பது எல்இடி டியூப். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், லைட் விநாடிக்கு 100 முறை துடிக்கும். விநாடிக்கு 30 ஃபிரேம் (படம்) எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஷட்டர் 1/60 விநாடி திறக்கும்படி வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டை மேலும் கீழும் ஓடும். 25 ஃபிரேமில் 1/50, ஸ்லோமோஷனுக்கு 50 ஃபிரேமில் 1/100 என்று போனால் பிரச்சினை வராது. "நாடா (ஊடை நூலைக் கொண்டுபோகும் தறிக் கருவி) ஓடுவதை 120 ஃபிரேமில் எடுக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "துடிக்காத சொந்த லைட் கொண்டுவந்தால் எடுக்கலாம்" என்பவருக்கு விஷயம் தெரியும்.

குழித்தறிக்கு (நெசவாளர் குழிக்குள் கால் வைத்து நெய்யும் தறி) ட்ரைபாடை விட, தரையோடு வைக்கிற தாழ்ந்த ஸ்டாண்டு தேவைப்படும். கோர்வை போடும் இடத்தைக் கிட்டத்தில் காட்ட மேக்ரோ லென்ஸ் (மிக அருகில் எடுக்கும் லென்ஸ்) இருக்கிறதா என்று கேளுங்கள். கரைக்கும் உடலுக்கும் நாடா மாறுகிற அந்த இடம்தான் உங்கள் சேலையின் விலைக்கே காரணம், அதற்கு 5 விநாடியாவது கொடுக்க வேண்டும். தறிச் சத்தத்தைத் தனியாக 2 நிமிடம் பதிவு செய்யட்டும், பாட்டை விட அது நன்றாக வேலை செய்யும். நெசவாளர் முகம் விளம்பரத்தில் வருவதால் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். இதை வீடியோகிராஃபர் தலையில் விடக் கூடாது.

ரசீதுக்கட்டு

கொட்டேஷனின் கடைசி வரிகளைப் படியுங்கள். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு. ஆனால் அடியில் சின்ன எழுத்தில் "காப்பிரைட் ஸ்டுடியோவுக்கே" என்று இருந்து நீங்கள் கையெழுத்துப் போட்டால், அந்த உரிமை போச்சு.

எடிட் செய்யாத ஃபைல்கள் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வர வேண்டும் என்று எழுதுங்கள். விநாடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) அளவில் 4கே வீடியோ என்றால் மணிக்கு 45 ஜிபி, டிஸ்க்கை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். திருத்தம் எத்தனை முறை, ஜிஎஸ்டி 18 சதவீதம் ரேட்டுக்குள்ளா வெளியேயா, இரண்டு மெமரி கார்டில் ஒரே நேரத்தில் பதிவாகிறதா, இதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். கடையின் இன்ஸ்டாகிராம் கணக்கில் போட்டால் சத்தம் முடக்கப்படலாம், உரிமைக்காரர் நோட்டீஸும் அனுப்பலாம். 40 சதவீதம் முன்பணம், 40 ஷூட் முடிந்ததும், மீதி எல்லா ஃபைலும் கைக்கு வந்த பிறகு.

பட்டுக்கடை_காஞ்சி

ரொம்ப நன்றி. பாதி ரேட் சொன்னவர், 20 ரீல்ஸையும் ஒரே நாளில் முடித்து, ட்ரோன் ஷாட்டும் இலவசமாகத் தருகிறேன் என்கிறார். டெஸ்ட்டில் தேறினால் எடுத்துக்கொள்ளலாமா?

நிழல்வெளிச்சம்

தேறினால் தாராளமாக. ஆனால் எத்தனை ஆள் வருகிறார்கள் என்று கேளுங்கள். சேலையை மடித்து, அயர்ன் செய்து, லைட் சரிபார்த்து எடுக்க ஒன்றுக்கு 25 நிமிடம் வையுங்கள். 20 சேலைக்கு 8 மணி நேரத்தைத் தாண்டும். ஒரே ஆளாக வந்தால் கடைசி ஏழெட்டில் லைட்டை யாரும் பார்க்க மாட்டார்கள், அதுதான் உங்களுக்குத் திரும்பி வரும். இரண்டு நாளாகப் பிரிக்கச் சொல்லுங்கள், அல்லது மடிப்புக்கு உங்கள் கடைப் பையன் ஒருவரை விடுங்கள். ட்ரோன் சேலை விற்காது. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை வணிக வேலைக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேறு வேண்டும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு சேலைக்கும் பின்பக்கமும் சில்க் மார்க் லேபிளும் (சுத்தப் பட்டு என்று காட்டும் முத்திரை) கிட்டத்தில் ஒரு ஷாட் கேட்டு வாங்குங்கள்.