கருவாட்டுக் கடையும் கூகுள் முதல் பக்கமும்: என் அனுபவம்

எஸ்.இ.ஓ.வுக்கு, அதாவது கூகுள் தேடலில் நம் தளத்தை மேலே கொண்டுவரும் வேலைக்கு, பணம் கொடுத்தவர்கள் நடந்ததை எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் எங்களுக்குக் கருவாட்டு வியாபாரம். அப்பா காலத்தில் மதுரைக்கும் பரமக்குடிக்கும் மூட்டை மூட்டையாகப் போகும். நான் பாக்கெட் போட்டு கூரியரில் அனுப்பலாம் என்று ஒரு இணையதளம் ஆரம்பித்தேன். ஆறு மாதமாகியும் ஆர்டர் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் போனில் பேசினார். "30 நாளில் கூகுளில் முதல் பக்கம், கேரண்டி அண்ணே." 18,000 ரூபாய் அனுப்பினேன்.

முதல் மாதம் தளம் மேலே ஏறியது உண்மை. மூன்றாவது மாதம் எங்கள் கடைப் பெயரை முழுசாக அடித்தாலும் வரவில்லை. நம் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுள் கருவியான சர்ச் கன்சோலைத் திறந்தால் மேனுவல் ஆக்‌ஷன் என்று ஒரு அறிவிப்பு, கூகுள் ஆட்களே பார்த்துப் போட்ட தண்டனை. சூதாட்டத் தளம், கடன் தரும் தளம் என்று நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து எங்களுக்கு லிங்க் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஒரு தளம் இன்னொன்றுக்கு லிங்க் கொடுத்தால் கூகுள் அதை சிபாரிசு மாதிரி எடுத்துக்கொள்ளும். காசுக்கு வாங்கிய சிபாரிசைக் கண்டுபிடிக்கத்தான் 2012-இல் பெங்குவின் என்ற மாற்றத்தையே கொண்டுவந்தார்கள். இது எனக்கு அப்போது தெரியாது. அப்பா மட்டும், "என்னப்பா, கடையை யாரும் பூட்டிட்டாங்களா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

லிங்க்கை எடுக்கச் சொல்லி ஒவ்வொரு தளத்துக்கும் மெயில் போட்டேன். எடுக்காதவர்களைப் பட்டியலாக்கி, இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்லும் டிஸவோ கோப்பில் ஏற்றி, மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தேன். முதல் தடவை மறுத்துவிட்டார்கள், இரண்டாம் தடவைதான் தண்டனையை நீக்கினார்கள். முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறது. பணம் கட்டும் முன்பு அந்த ஒரு வரியைப் படித்திருக்க வேண்டும்.

சரி, அப்புறம் எப்படி ஆர்டர் வந்தது? அதே சர்ச் கன்சோலில்தான் வழி கிடைத்தது. மக்கள் என்ன அடித்துத் தேடும்போது நம் தளம் கண்ணில் படுகிறது என்பதை அது இலவசமாகவே காட்டும். எங்கள் முகப்பில் "உயர்தர உலர் கடல் உணவுப் பொருட்கள்" என்று எழுதியிருந்தோம். ஒருவர்கூட அப்படித் தேடவில்லை. "நெத்திலி கருவாடு மணல் இல்லாமல்", "உப்பு கம்மியான கருவாடு" என்றுதான் தேடியிருக்கிறார்கள், அதுவும் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில். மத்தி வகை மீனை நாங்கள் சூடை என்போம். வெளியூரில் பலர் சாளை என்றே தேடுகிறார்கள். இரண்டு பெயரையும் பக்கத்தில் சேர்த்தேன்.

அம்மா நெத்திலியைத் தரையில் போடவே மாட்டார். கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் வலை கட்டி, அதன் மேல் பரப்புவார். காலை வெயிலில் அவர் வலையை உதறுவதைப் போனில் படம் எடுத்து, "மணல் இல்லாத நெத்திலி கருவாடு, மண்டபம்" என்ற தலைப்பில் தனிப் பக்கம் போட்டேன். படம் 5 எம்பி இருந்தது. சிக்னல் குறைந்த இடத்தில் திறக்கவே திறக்காது என்று 150 கேபிக்குச் சுருக்கினேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டு, "தம்பி, நெசமாவே மணல் இருக்காதா?" என்று கேட்டு, 250 கிராம் வாங்கினார். அடுத்த மாதம் ஒரு கிலோ கேட்டார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகுகள் போகாது. அந்த நாட்களில் கருவாடு தேடுகிறவர்களுக்கான பக்கத்தை மார்ச் தொடக்கத்திலேயே போட்டுவிடுகிறேன். கூகுள் வந்து படித்து மேலே கொண்டுபோக நாள் பிடிக்கும்.

ராமேஸ்வரத்திலிருந்து ஒருவரின் பதில்: எனக்கு வேன் வாடகைத் தொழில். 2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டதும், "மண்டபத்தில் இறங்கி ராமேஸ்வரம் போவது எப்படி" என்று எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். வாடகை, நேரம், பெட்டி எவ்வளவு ஏற்றலாம் என்று ஒரு பக்கம் எழுதினேன். ஒரு பைசா விளம்பரம் கிடையாது, இரண்டு வருடம் அந்த ஒரு பக்கம்தான் சோறு போட்டது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த அன்றே அதைத் திருத்தி, ஸ்டேஷனிலிருந்து தனுஷ்கோடி போய்வரும் பக்கமாக மாற்றிவிட்டேன். பழைய தகவலை நம்பி ஒருவர் மண்டபத்தில் இறங்கிவிட்டால் அந்தப் பாவம் நமக்குத்தான்.

கீழக்கரையிலிருந்து இன்னொருவரின் பதில்: ஓலைப்பெட்டி விற்கிறேன். தளம் செய்து கொடுத்தவர் டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, தன் பெயரிலேயே பதிந்துகொண்டார். விலகுகிறேன் என்றதும் பூட்டிவிட்டார். மூன்று வருட உழைப்பு போச்சு. புதுப் பெயரில் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். மண்டபம் அண்ணே, உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

மண்டபத்திலிருந்து: நீங்கள் கேட்ட பிறகுதான் போய்ப் பார்த்தேன் தங்கச்சி. பெயர் என்னுடையதுதான், ஆனால் பதிவில் இருக்கும் மெயில் முகவரி அந்த எஸ்.இ.ஓ. ஆளுடையது. இப்போதுதான் மாற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். உங்கள் புதுத் தளத்தின் பெயரைப் போடுங்கள், எங்கள் பக்கத்திலிருந்து ஒரு லிங்க் தருகிறேன். எங்கள் வீட்டில் கருவாடு வைப்பதே ஓலைப்பெட்டியில்தான்.