இம்பாஸ்டோ: தடிப்பூச்சா, புடைபூச்சா?

அன்புடையீர், வணக்கம்.

சாயத்தைக் கனமாகப் பூசித் தீட்டும் இம்பாஸ்டோ என்னும் ஓவிய உத்திக்குத் ‘தடிப்பூச்சு’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. எளிய சொல்தான்; ஆனால் அது சாயத்தின் அளவை மட்டுமே சொல்கிறது. கனமாகப் பூசிவிட்டு மேற்பரப்பை வழவழவென்று இழைத்துவிட்டால் அது இம்பாஸ்டோ ஆகாது. தூரிகையின் தடம் மேடாக நின்று, அறையின் வெளிச்சத்தை வாங்கித் தன் நிழலைத் தானே விழச்செய்ய வேண்டும். ‘புடைப்புச் சிற்பம்’ நமக்குப் பழகிய சொல்லாதலால் ‘புடைபூச்சு’ எனலாம். வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. ‘புடைப்பூச்சு’ என்று மிகுத்து எழுதினால், ‘புடை’க்குப் பக்கம் என்ற பொருளும் உண்டாதலால், பக்கத்தில் பூசுவது என்று பொருள் திரியவும் கூடும்.

இந்த வேறுபாட்டை நான் வற்புறுத்துவதற்கு இராமநாதபுரத்து வீடு ஒன்றில் கண்ட, தனுஷ்கோடியை அடுத்த நிலமுனையான அரிச்சல்முனையின் ஓவியமே காரணம். கிழக்கு நோக்கிய காட்சி. 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த தனுஷ்கோடித் தேவாலயத்தின் சாயலை ஓர் ஓரத்தில் கண்டதுமே பார்ப்பவர்கள் ‘சோகம்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஓவியரோ அந்தச் சுவரை நீர்த்த சாயத்தில், துணியின் இழை தெரியும்படி விட்டுவிட்டு, இடப்புறமுள்ள பாக் நீரிணைப் பக்கத்தில்தான் சாயத்தை வரிவரியாகப் புடைக்க வைத்திருக்கிறார்; வலப்புறத்து மன்னார் வளைகுடா தட்டையாகக் கிடக்கிறது. இக்கரையில் உள்ளவர்கள் பெண்கடல் என்று வழங்கும் வடகடல் கொந்தளித்து, ஆண்கடல் அடங்கியிருப்பது வாடைக்காற்றுக் காலத்தில்தான். ஆகவே படத்தின் பருவத்தையும், அதிலுள்ள பதற்றத்தையும் சொல்வது நிறமன்று, புடைப்பே. பதற்றம் என்றே சொல்வேன்; நெய்தல் என்றவுடன் இரங்கல் என்று எழுதிவிடும் நம் பழக்கம் இங்கே உதவாது. மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்த வரிகளின் நிழல் நீண்டு, கடல் மேலும் கடுமையாகத் தெரிகிறது. ‘தடிப்பு’ என்ற சொல்லில் இந்த நிழலுக்கு இடமில்லை.

சாயத்தைக் கத்தியால் அப்புவதற்குத் தனிச்சொல் வேண்டாம். ‘கத்திப் புடைபூச்சு’ என்று அடை சேர்த்தால் போதும்.

மணல் கலந்து பூசுவதையும் இச்சொல்லில் அடக்கலாமா என்ற கேள்விக்கு என் விடை: கூடாது. டச்சு ஓவியர் வான்கோ 1882-இல் நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கன் கடற்கரையில் புயற்காற்றுக்கிடையே தீட்டிய படத்தின் சாயத்தில் மணல்துகள்கள் ஒட்டியிருக்கின்றன. அவை காற்று கொண்டுவந்தவை. புடைப்பு அவர் கையால் வந்தது. வேண்டுமென்றே மணல் சேர்ப்பது சாயத்தின் சேர்மானத்தையே மாற்றுவதாகும் என்பதால், அதற்குத் தனியாக ‘மணற்பூச்சு’ என்று வைத்துக்கொள்வதே தெளிவு.