கல்லு உடைக்கிற கிரஷர்ல தண்ணி அடிச்சா சல்லடை அடைக்குது, நிறுத்துனா புழுதி கிளம்புது, வழி சொல்லுங்க

கேள்வி (ஜல்லிப்பையன்):
வணக்கம் அண்ணா எல்லாருக்கும். கரூர் பக்கம் ஒரு கிரஷர்ல சூப்பர்வைசரா இருக்கேன், முதல்ல உடைக்க ஜா, அப்புறம் சின்னதா உடைக்க கோன், அப்புறம் சலிக்கிற ஸ்கிரீன், 20, 12, 6 எம்எம் ஜல்லி எடுக்குறோம். ஸ்கிரீன் மேலயும் கன்வேயர் பெல்ட் கொட்டுற இடத்துலயும் தண்ணி தெளிக்கிற நாசில் வச்சிருக்கு. தண்ணிய கூட்டுனா கீழ்த்தட்டு சல்லடை அப்பிக்குது, 6 எம்எம்ல டஸ்ட் ஒட்டிட்டு வருதுன்னு பார்ட்டி லோடையே திருப்புறான், கொறைச்சா ரோட்டுல பைக்ல போறவன் நின்னு திட்டிட்டுப் போறான். ஓனர் பம்பு பிரஷரை ஏத்துங்கறாரு. ஏத்தலாமா? நாசிலும் அடிக்கடி அடைக்குது.

கோன்_மெக்கானிக்:
ஏத்தாதீங்க தம்பி. வேகமா அடிக்கிற தண்ணி கூடவே காத்தையும் இழுத்துட்டுப் போகும், அந்தக் காத்தே புழுதிய வெளிய தள்ளிரும். முதல்ல ஸ்கிரீன் மேல இருக்குற நாசிலை கழட்டுங்க. டிப்பர் லாரி கல்லு கொட்டுற ஹாப்பர் தொட்டியில நனைங்க, ஜா வாய்ல நனைங்க, ஜாவும் கோனும் கல்ல உடைக்கறப்ப புதுசா காஞ்ச முகம் வரும்ல, அதனால அதுங்க வெளிய தள்ளுற இடத்துலயும் கொஞ்சம். கல்லு எடையில ஒரு சதவீதத்துக்குள்ளயே பெரும்பாலும் வேலை முடிஞ்சிரும், அதாவது 100 டன்னுக்கு 1000 லிட்டருக்குள்ள. கல்ல நனைக்கத்தான் தண்ணி. கிளம்பிட்ட புழுதிய பெரிய துளி பிடிக்காது, துளிய சுத்திப் போற காத்தோட அதுவும் விலகிப் போயிரும்.

ஜல்லிப்பையன்:
ஸ்கிரீனை அப்ப என்ன அண்ணா பண்றது? சும்மா விட்டா அங்கதான் அதிகமா வருது.

கோன்_மெக்கானிக்:
தகரம் போட்டு நாலு பக்கமும் மூடுங்க, சல்லடை மாத்த கதவு மட்டும் விடுங்க. வசதி இருந்தா உள்ள இருந்து பேக் ஃபில்டருக்கு, அதாவது புழுதிக் காத்த இழுத்து துணிப்பையில வடிகட்டுற மெஷினுக்கு, டக்ட் குழாய் இழுங்க. நிறைய பேரு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வர்றப்ப மட்டும் தார்ப்பாய் கட்டுறாங்க, அது வேஸ்ட். மூடுறது, தண்ணி அடிக்கிறது, காத்துத் தடுப்புச் சுவர், உள்ள ரோடு, சுத்தி மரம்னு எல்லாமே விதியிலயே இருக்கு.

பெல்ட்_ஆளு:
கன்வேயரை யாரும் பேசல. கல்லு உயரத்துல இருந்து விழறப்ப காத்த கீழ இழுத்துட்டு வருது, அந்தக் காத்துதான் சூட், அதாவது கல்லு இறங்குற சரிவுப் பெட்டி, அடியில பீறிட்டு வெளிய வருது. விழற உயரத்தைக் கொறைங்க, பெல்ட் ரெண்டு பக்கமும் இடைவெளிய அடைக்கிற ரப்பர் ஸ்கர்ட்டை நல்லா நீட்டி வைங்க, வெளிய வர்ற வாய்ல பழைய பெல்ட்ட கீறி திரையா தொங்க விடுங்க, காசே ஆகாது. திரும்பி வர்ற பெல்ட்டுல ஒட்டிட்டு வர்றதும் ரோலர்கிட்ட உதிரும், பெல்ட்ட வழிக்கிற ஸ்கிரேப்பர் தேஞ்சிருக்கான்னு பாருங்க. நாசில் அடைக்கிறது போர் தண்ணி உப்பாத்தான் இருக்கும். லைன்ல ஃபில்டர் போடுங்க, ஓட்டை பெருசா இருக்குற நாசிலா வாங்குங்க.

குவாரி_மேட்:
மெஷினைப் பேசுறீங்க, ஆளுங்களைப் பத்தியும் சொல்லுங்கப்பா. கண்ணுக்குத் தெரியற புழுதி மூக்குலயே நின்னுரும், 10 மைக்ரானுக்கு (ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு) கீழ உள்ளதுதான் நுரையீரலுக்குப் போகுது, அதுல கல்லுல இருக்குற சிலிக்கா இருந்தா நுரையீரல் தழும்பேறி இறுகுற சிலிக்கோசிஸ் நோய், வந்துட்டா குணமாக்க மருந்தே கிடையாது. குவாரிக்கு 15-ஐ அந்த நுண்புழுதியில உள்ள சிலிக்கா சதவீதத்தால வகுத்துதான் உச்ச அளவு, 30 சதவீதம்னா ஒரு கன மீட்டர் காத்துல அரை மில்லிகிராம், அவ்வளவுதான். ஈரத்துண்டு கட்டுறது ஆகாது, என்95 கொடுங்க. சாயங்காலம் கம்ப்ரஸர் ஹோஸ வச்சு சட்டையில அடிச்சு தட்டுறாங்க பாருங்க, அத இன்னைக்கே நிறுத்துங்க. பெருக்கறதுன்னாலும் நனைச்சுட்டுப் பெருக்கச் சொல்லுங்க.

ஜல்லிப்பையன்:
கம்ப்ரஸர் மேட்டர் இங்கயும் நடக்குது அண்ணா, நிறுத்திடறேன். தகரத்துக்கு ஓனர் ஒத்துக்கிட்டாரு. பேக் ஃபில்டர் போட்டா அந்தக் கூட்டுக்குள்ள லேசா ஒரு நாசில் வைக்கலாமா?

கோன்_மெக்கானிக்:
வேணாம். ஈரப் புழுதி பையில அப்பிட்டு காயும், அப்புறம் உதறினாலும் விழாது, இழுவையே போயிரும்.