சூரியனே வராத ஊர் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், எப்படிச் சமாளிப்பது?

கேள்வி:
நார்வேயில் டிரோம்சோவுக்கு வந்து எனக்கு இது முதல் குளிர்காலம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை இங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. இதைத் தெரியாத்தனமாக அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து "இன்னிக்காவது வெளிச்சம் வந்துச்சா?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கிறது.

பூமி 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது, நான் இருப்பது ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே என்று டார்ச்சும் பந்தும் வைத்து வீடியோ காலில் விளக்கினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சரி, துணி எப்படிக் காயும்?" என்று கேட்டார். பெரியப்பா வேறு 'ஆறு மாசம் இருட்டு' என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது துருவத்தில், இங்கே இல்லை!

இதற்கு நடுவே, அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளினார்கள். வேலை முடிந்து நாலு மணிக்குக் கூப்பிட்டால் முன்பு அங்கே ஏழரை, இப்போது எட்டரை. நான் வேண்டுமென்றே தாமதமாகப் பேசுகிறேன் என்று வருத்தம்.

பதில் 1:
டிசம்பரில் நாலு மணிக்கு வீடியோ போட்டால் ஜன்னலில் கும்மிருட்டுதானே தெரியும்? மதியம் 12 மணிக்குக் கூப்பிடுங்கள், அங்கே நாலரை. வானம் தெளிவாக இருந்தால் பனி மேலெல்லாம் நீல வெளிச்சம் இருக்கும். துணிக்கு ஹீட்டர் பக்கம் ஸ்டாண்டு. குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று வறண்டு கிடக்கும், சீக்கிரமே காய்ந்துவிடும்.

பதில் 2:
இதற்கே இப்படி என்றால் ஜூனில் என்ன செய்வீர்கள்? எங்கள் அம்மா அதிகாலை நாலரைக்கு எழுந்து கூப்பிட்டார். இங்கே ராத்திரி ஒரு மணி, என் முகத்தில் சுள்ளென்று வெயில். நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பதாகவே முடிவு கட்டிவிட்டார். மே 20 வாக்கிலிருந்து ஜூலை 20 தாண்டும் வரை சூரியன் மறையாது என்பதை இப்போதே மெதுவாகச் சொல்லி வையுங்கள். நான் சொல்லவில்லை, பட்டேன்.

கேள்வி கேட்டவர்:
இன்று மதியம் பால்கனியில் நின்று கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "கோழி கூவுற நேரம் மாதிரில்ல இருக்கு!" என்றார். டார்ச்சும் பந்தும் வைத்து நான் இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை. பெரியப்பாவிடம் அவரே பேசிக்கொள்கிறாராம். ஜூன் விஷயத்தை இன்னும் எடுக்கவில்லை.