புது இண்டி ஹிப்-ஹாப், ஆர்கெஸ்ட்ரா பாப் எல்லாம் எப்படி தேடிப் பிடிக்கிறீங்க?

மக்களே ஒரு ஹெல்ப். பெரிய லேபிள் இல்லாம தனியா வர்ற ராப், அப்புறம் வயலின் செல்லோ பிராஸ்னு ஆர்கெஸ்ட்ராவோட வர்ற பாப், இந்த ரெண்டுலயும் புதுசா என்ன ரிலீஸ் ஆகுதுன்னு ஃபாலோ பண்ணலாம்னு பாத்தா ஆப் என்னடான்னா ஏற்கனவே கேட்டதையே திருப்பி திருப்பி தள்ளுது.

என் டேஸ்ட் புரியணும்னா லண்டன் ராப்பர் லிட்டில் சிம்ஸோட 2021 ஆல்பம் கேளுங்க, முதல் பாட்டே மார்ச்சிங் டிரம்ஸ், பிராஸ், கோரஸ்னு அதிருது, நடுவுல அவங்க குரல் மட்டும் அலட்டிக்காம வரும் பாருங்க, யப்பா! 2022ல மெர்குரி ப்ரைஸ் (பிரிட்டன்ல வருஷத்தோட சிறந்த ஆல்பத்துக்கு குடுக்குற விருது) சும்மாவா குடுத்தாங்க. இன்னொரு பக்கம், ஆர்கெஸ்ட்ரா பாப்னா அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸ் 2005ல போட்ட இல்லினாய்ஸ் ஆல்பம். பழைய ரெக்கார்டுல இருந்து வயலின் துண்டை வெட்டி (சாம்பிள் பண்ணி) திரும்பத் திரும்ப ஓட்டுற லூப் வேற, ஆளுங்க உக்காந்து வாசிச்சது வேற, எனக்கு ரெண்டாவதுதான் வேணும் (லூப்பும் தப்பில்ல, சண்டைக்கு வராதீங்க).

கலைஞர்கள் நேரடியா பாட்டு விக்கிற பேண்ட்கேம்ப் சைட்ல, பேண்ட்கேம்ப் ஃப்ரைடேன்னு சொல்ற சில வெள்ளிக்கிழமைகள்ல சைட்காரங்க கமிஷன் எடுக்காததால ரிலீஸ் குவியுது, அதுல எதைன்னு எடுக்குறது? டேக் வச்சு தேடுறீங்களா, சின்ன லேபிளா பாத்து ஃபாலோ பண்றீங்களா, இல்ல கிரெடிட்ஸ்ல அரேஞ்சர் (எந்த வாத்தியம் என்ன வாசிக்கணும்னு எழுதுறவர்) பேரை புடிச்சு போறீங்களா?

டாப் 50 லிஸ்ட் லிங்க் மட்டும் வேணாம் ப்ளீஸ். ஆளுக்கு ஒரு புது ஆல்பம், எந்த பாட்டுல ஆரம்பிக்கணும்னு சொன்னா போதும்.