சித்திர வகுப்பில் "நான்" கீறின கதை

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். இந்தத் தவணை எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு "நான்" என்ற தலைப்பில் மனவரைபடம் (mind map) கீறக் கொடுத்தேன். இந்த வேலையைக் கொடுத்த ரீச்சர்மார், வீட்டில் பிள்ளையோடு இருந்து இதற்காக மண்டையைப் பிய்த்த தாய் தகப்பன்மார் யாரும் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். தாளைக் கிடையாக வைத்து நடுவில் ஒரு படம். அதிலிருந்து வளைந்து போகும் கிளைகள், அடி தடிப்பு, நுனி மெல்லிசு. கிளைக்கு ஒரு சொல், குறைந்தது மூன்று நிறம். இதைப் பரப்பிய இங்கிலாந்து எழுத்தாளர் டோனி பூசான் 1974இல் பிபிசி தொலைக்காட்சியில் இதைச் சொல்லிக் கொடுத்தது படிப்பதை நினைவில் வைக்கத்தான். நான் அதில் ஒன்றை மாற்றினேன்: சொல்லே வேண்டாம், எல்லாம் படம். எழுத விட்டால் வகுப்பு முழுக்க "அன்பு, ஒழுக்கம், டொக்டர்" என்று எழுதி வைக்கும். பல வருஷம் பார்த்துச் சலித்த கதை.

ஆனால் கிளைகளின் பெயரை நானே கரும்பலகையில் போட்டேன்: குடும்பம், சொந்த ஊர், சாப்பாடு, விருப்பம். அங்கேதான் பிழை விட்டேன்.

ஒரு பெடியன் நடுவில் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) ஒன்றைக் கீறியிருந்தான். "நடுவில நீயெல்லோ வரவேணும்?" என்றேன். "நான்தானே ரீச்சர் ஓடுறன்" என்றான். குனிந்து பார்த்தால் நீட்டுக் கைபிடிக்குப் பின்னால் தீக்குச்சி அளவில் ஒரு ஆள். கிளைகள் எல்லாம் சில்லில் இருந்து புறப்படுகின்றன. வயல், அரிசி ஆலை, வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போன பயணம். இதற்கு மேல் ஒரு மனுஷனைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? விட்டுவிட்டேன்.

என்னை யோசிக்க வைத்தது மூன்றாம் வாங்குப் பிள்ளை. அவளுடைய தாத்தா 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்தவர். அப்படி வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் இங்கே நிறைய. "சொந்த ஊர்" கிளையின் நுனியில் அவள் பச்சை பஸ்டலால் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் கீறியிருந்தாள். சரியான வடிவு, நடு நரம்பு கூட விட்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து "இதென்ன, தேயிலையா?" என்றாள். கேட்ட விதம் சரியில்லை. இங்கே ஐம்பது வருஷம் இருந்தாலும் சில பேருக்கு அவர்கள் "தோட்டத்து ஆக்கள்"தான், அதை மறைத்துக் கதைப்பதில் பயனில்லை.

நான் திரும்பி வருவதற்குள் அவள் அழிறப்பரால் தேய்த்துவிட்டாள். எண்ணெய் பஸ்டல் அழியாது, இழுபடும். உள்ளங்கை அளவில் பச்சைக் கறை. பிறகு பெருவிரலால் தேய்த்தாள், இன்னும் பெருத்தது. நான் கண்டும் காணாத மாதிரி யன்னல் பக்கம் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கறைக்கு மேல் நீலம் பூசி, கரையில் ஒரு கொக்கை நிறுத்திவிட்டாள்.

பிறகு ஒவ்வொருவராக முன்னால் வந்து விளங்கப்படுத்த வேண்டும் என்று பிள்ளைகளிடம் முதலே சொல்லியிருந்தேன். அவளுடைய முறை வந்தது. "இது என்ன பிள்ளை?" "குளம் ரீச்சர். இரணைமடு."

"நல்ல குளம்" என்றேன். வேறென்ன சொல்ல?

—

தண்ணீரூற்று, முல்லைத்தீவு

எங்கட மகளும் இந்த "சொந்த ஊர்" கிளையில்தான் மாட்டினாள். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்த முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது எனக்கு ஏழு வயது. வளர்ந்தது புத்தளத்தில். அங்கே நாங்கள் "அகதி". திரும்பி வந்தால் இங்கே "புத்தளத்து ஆக்கள்". மகள் பிறந்தது அங்கே, படிப்பது இங்கே. "எங்கட ஊர் எது வாப்பா?" என்று இரவு ஒன்பது மணிக்குக் கேட்டால் நான் என்ன சொல்ல? தேத்தண்ணி குடித்து வருகிறேன் என்று எழும்பிப் போய்விட்டேன்.

வந்து பார்த்தால் ஒரு பக்கம் உப்புக் குவியல், மற்றப் பக்கம் எங்கள் வளவுக் கிணறு, நடுவில் ஒரு பஸ். பஸ் யன்னலால் தலையை வெளியே நீட்டிச் சத்தி எடுக்கிற ஆள் நான்தானாம். உண்மைதான், எனக்கு பஸ் ஒத்துவராது.

—

விசுவமடு

எல்லாம் நல்லதுதான். சாதாரண தரச் சோதனைக்கு இது வருமா?

—

மல்லாவி

ரீச்சர், முன்னால் கூப்பிட்டு விளங்கப்படுத்தச் சொல்வதைப் பற்றி ஒன்று சொல்ல வேணும். என்னுடைய மகன் வேறொரு பள்ளிக்கூடம். வீட்டில் என்னிடம் "அம்மா நீங்கள் எத்தனை பள்ளிக்கூடத்தில படிச்சனீங்கள்?" என்று கேட்டான். விரல் விட்டு எண்ணினேன், ஆறு. கடைசியானது 2009இல் செட்டிகுளத்தில், யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் ஒரு தறப்பாள் கொட்டில், மத்தியானம் உள்ளே இருக்கேலாது, அவ்வளவு வெக்கை. அவன் "அம்மா" என்ற கிளையில் ஆறு புத்தகப் பை கீறினான். ஒவ்வொன்றும் முந்தினதை விடச் சின்னன், ஆறாவது வெறும் ஷொப்பிங் பை. நான் அப்படிச் சொல்லவே இல்லை, ஆனால் சரியாகக் கீறியிருந்தான்.

வகுப்பில் "ஏன் ஆறு பை?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் வாய் திறக்கவில்லை. விளக்கவில்லை என்று புள்ளியைக் குறைத்துவிட்டார்கள். புள்ளி போனது போகட்டும். என்னுடைய கதையை அவன் நாற்பது பேருக்கு முன்னால் நின்று சொல்ல வேணுமா? அவனுக்கு அது வேண்டாம் என்று தெரிந்திருக்கிறது, பெரிய ஆக்களுக்குத் தெரியவில்லை.

—

முதலில் எழுதியவர்

மல்லாவி அக்கா, வாசித்த பிறகு அடுத்த வகுப்பில் விளங்கப்படுத்தலை எடுத்துவிட்டேன். சுவரில் ஒட்டுவோம், விரும்பியவர் கதைக்கலாம். ஒட்ட விருப்பமில்லாதவர் சுருட்டிக்கொண்டு போகலாம். புள்ளி நிறத்துக்கும் கோட்டுக்கும் தாளை நிரப்பிய விதத்துக்கும் மட்டும். கரும்பலகையில் கிளைப் பெயரும் போடுவதில்லை. இரண்டாம் தரம் கீறியபோது "சொந்த ஊர்" கிளை பாதிப் பேரிடம் இல்லை, பதிலாக நாய் வந்திருக்கிறது. ஏகப்பட்ட நாய்.

விசுவமடு ஐயா, நான் கொடுப்பது வகுப்பு வேலைக்கு, சோதனைக்கு இல்லை.

குளம் கீறினவள் தன்னுடையதைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். லாண்ட்மாஸ்டர் பெடியன் தன் படத்தை லாண்ட்மாஸ்டர் பெட்டியின் பின்பலகையில் ஒட்டியிருக்கிறான். போன கிழமை மழையில் வயலும் ஆலையும் கரைந்துபோய் சில்லு மட்டும் மிச்சம்.