பி.எம்.எக்ஸ். பந்தயப் பயிற்சி: புறப்படும்போது முன்சில்லு எழும்புகிறது, செயினும் கழல்கிறது. உதவி வேண்டும்

வெள்ளவத்தை_அக்கா:

வணக்கம். என் தம்பிக்கு 13 வயது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பி.எம்.எக்ஸ்., அதாவது மேடும் வளைவுமான பாதையில் சிறிய சைக்கிளில் ஓடும் பந்தயத்தைப் பார்த்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. அப்பா கொழும்பு டாம் வீதியில் 20 அங்குலப் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். முன்பிரேக், பின்பிரேக் இரண்டும் உண்டு. பின்சில்லின் இருபக்கமும் ஏறி நிற்பதற்கான இரும்புக் குழாய்கள் இருக்கின்றன. முன்பல்லுச் சக்கரத்தில் 36 பல், பின்னால் 16 பல்.

நின்ற இடத்திலிருந்து ஓங்கி மிதித்தால் முன்சில்லு மேலே எழும்புகிறது. அதைச் சமாளித்துப் போனாலும் சில மிதிகளில் செயின் கழன்றுவிடுகிறது. எங்கள் ஒழுங்கையில் சாதாரண சைக்கிள் ஓட்டும் பையன்களே அவனை முந்திவிடுகிறார்கள். சைக்கிள் பந்தயத்துக்கு உதவாததா, ஓட்டும் முறை பிழையா? அம்மாவுக்கு ஒரே பயம். பெரியண்ணாவின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஓடட்டும் என்கிறார். அது சரியா?

டாம்வீதி_பட்டறை:

தங்கச்சி, முதலில் செயின். அது சரியாகும்வரை தம்பியை ஓங்கி மிதிக்க விடாதீர்கள். பாரம் முழுவதும் காலில் இருக்கும்போது செயின் கழன்றால் நெஞ்சு ஹாண்டிலில் மோதும்.

பின்சில்லு நேராக இருக்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அச்சு நட்டு இளகியிருக்கிறது. இரண்டு நட்டுகளையும் தளர்த்தி, சில்லைப் பின்னால் இழுத்து, நடுவில் நிறுத்தி இறுக்க வேண்டும். செயினின் நடுப்பகுதியை விரலால் அசைத்தால் மேலும் கீழும் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் ஆடினால் போதும். பெடலை ஒரு முழுச்சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தளர்ந்தால், இறுகும் இடத்தை வைத்தே அளவு பிடியுங்கள்.

பிறகு செயினை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். நல்ல செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அதற்கு மேல் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தாலே புதியது மாற்றுவது நல்லது. வெள்ளவத்தைக் கடற்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். துடைத்து, அளவாக எண்ணெய் விட்டு, மீண்டும் துடையுங்கள். இரும்புக் குழாய்களைக் கழற்றிவிடுங்கள். அவை வித்தை காட்டும் சைக்கிளுக்கு உரியவை. பக்கத்தில் வருபவரின் காலைப் பதம்பார்க்கும், பந்தயத்தில் அனுமதியும் இல்லை. கழற்றிய பின் அச்சு நட்டுகளை மீண்டும் இறுக்க மறக்க வேண்டாம்.

வெள்ளவத்தை_அக்கா:

நன்றி அண்ணா. பின்சில்லு இடப்பக்கம் நன்றாகவே சாய்ந்திருந்தது. செயினும் நீண்டிருந்ததால் புதியது போட்டோம். இப்போது கழலவில்லை. முன்சில்லு எழும்புவது மட்டும் அப்படியே இருக்கிறது.

மண்மேடு:

அக்கா, அது ஓட்டும் முறையில் இருக்கிறது, கொஞ்சம் பல்லுக் கணக்கிலும் இருக்கிறது. 36ஐ 16ஆல் வகுத்தால் 2.25. பந்தயச் சைக்கிளில் பரவலாக 44க்கு 16, அதாவது 2.75. தம்பியின் சைக்கிள் முதல் மிதியில் இலகுவாகப் பாயும். அதனாலேயே முன்சில்லும் சுலபமாக எழும்பும். வேகம் பிடித்த பின் காலைப் படுவேகமாகச் சுழற்ற வேண்டியிருக்கும். ஒழுங்கையில் பின்தங்குவதற்கு இதுவும் காரணம். பழகுவதற்கு இந்தக் கணக்கே போதும்.

இனி முறை. பந்தயத்தில் எட்டுப் பேர் ஒரு மேட்டின் உச்சியில், ஒரு தடுப்புக்குப் பின்னால், முன்சில்லை அதில் முட்டவைத்து இரண்டு காலையும் பெடலில் ஊன்றி நிற்பார்கள். தரையில் கால் படாது. முழுப் பந்தயமும் 300 முதல் 400 மீற்றர் வரைதான், நாற்பது விநாடிக்குள் முடிந்துவிடும். முதல் வளைவுக்கு முன்னே போனவரைப் பின்னர் பிடிப்பது மிகக் கடினம். ஆகவே மற்ற எதையும் விடப் புறப்பாட்டையே நான் முதலில் பழகச் சொல்வேன். குதிப்பதெல்லாம் பிறகு.

வீட்டு மதிலில் முன்சில்லை முட்டவைத்து நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பலமான கால் முன்னால், பெடல்கள் ஏறத்தாழக் கிடையாக. அசையாமல் பத்து எண்ணும்வரை நிற்க வந்தால் பாதி வேலை முடிந்தது. புறப்படும்போது பெரும்பாலான பிள்ளைகள் உடம்பைப் பின்னால் வைத்துக்கொண்டே ஹாண்டிலை மேலே இழுப்பார்கள். முன்சில்லு எழும்பத்தான் செய்யும். மிதிக்கும் அதே கணத்தில் இடுப்பு ஹாண்டிலை நோக்கி முன்னே பாய வேண்டும், நெஞ்சு ஹாண்டிலுக்கு மேலே வர வேண்டும். இருக்கையில் உட்காரவே கூடாது. மதிலுக்கு முன் பாய முடியாது என்பதால், இதைச் சிறு கல் ஒன்றின் மேல் முன்சில்லை ஏற்றிவைத்து வெறும் நிலத்தில் பழகலாம்.

சைகையையும் இப்போதே பழக்குங்கள். பந்தயத்தில் "ரைடர்ஸ் ரெடி, வோட்ச் த கேட்" (ஓட்டுபவர்களே தயாராகுங்கள், தடுப்பைப் பாருங்கள்) என்று குரல் வந்த பிறகு 0.1 முதல் 2.7 விநாடிவரை எவ்வளவு நேரமும் இடைவெளி விழலாம். அதன் பின்தான் விளக்குகளும் ஒலியும் வரும், தடுப்பும் கீழே விழும். முன்கூட்டி ஊகித்தால் முன்சில்லு தடுப்பில் மோதி நின்றுவிடும். நீங்கள் அவனுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடைவெளியில் கைதட்டுங்கள்.

கொட்டாஞ்சேனை_அம்மா:

பிள்ளை, உங்கள் அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது, எனக்கும் ஓட்டுகிற மகன் இருக்கிறான். பெரியவரின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம். அது 13 வயதுக் கழுத்துக்குப் பாரம், அளவும் பெரிது, நம் வெயிலில் காற்றும் போகாது. தாடையையும் மூடும் சைக்கிள் ஹெல்மெட்தான் வேண்டும். தலையை ஆட்டும்போது ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. விரல்களை முழுக்க மூடும் கையுறை, முழுக்கைச் சட்டை, முழங்கால் காப்பு ஆகியவையும் அவசியம். ஹாண்டிலின் இரு முனைகளிலும் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த குழாய் முனை வயிற்றைக் கிழித்துவிடும்.

அம்மாவிடம் எதையும் மறைக்காதீர்கள். பாரிஸில் பெண்கள் தங்கத்தை வென்ற அவுஸ்திரேலியரான சயா சகாகிபாராவின் அண்ணன் காய், 2020இல் இதே விளையாட்டில் விழுந்து மூளையில் பலத்த காயமடைந்தவர். தலைக்கவசம் இருந்தும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் மண்மேடு தம்பி சொன்னபடி குதிப்பதைப் பிற்போடச் சொல்கிறேன். பயிற்சிக்கு வாகனம் வராத வீதி தற்காலிகம்தான், கடற்கரையோர மரைன் டிரைவ் வீதி வேண்டவே வேண்டாம். பாடசாலை மைதானத்துக்கு அனுமதி கேளுங்கள்.

வெள்ளவத்தை_அக்கா:

எல்லோருக்கும் நன்றி. மதிலில் முட்டவைத்து நிற்பது வந்துவிட்டது. இடுப்பை முன்னே கொண்டுபோனதும் முன்சில்லு கீழேயே நிற்கிறது, அவனே ஆச்சரியப்பட்டான். அப்பா இப்போதே பந்தயச் சைக்கிள் வாங்கித் தரட்டுமா என்று கேட்கிறார். முன்பிரேக்கை என்ன செய்வது?

மண்மேடு:

முன்பிரேக்கைக் கழற்றுங்கள், பந்தயத்துக்குப் பின்பிரேக் ஒன்றே போதும். ஆனால் அதே சைக்கிளில் வீதிக்கும் போவான் என்றால் விட்டுவையுங்கள். சைக்கிள் இப்போது வேண்டாம். பந்தயச் சைக்கிளின் உடற்சட்டகங்கள் ஜூனியர், எக்ஸ்பெர்ட், புரோ என்று உயரத்துக்கேற்ப வரும். 13 வயதில் வாங்கியது அடுத்த வருடமே சிறுத்துப்போகலாம். அந்தப் பணத்தில் முதலில் ஹெல்மெட், பிறகு நல்ல டயர் இரண்டு. போட்டி விபரங்களுக்கு இலங்கை சைக்கிள் ஓட்டச் சம்மேளனத்தைக் கேளுங்கள்.